குழந்தை ஜிம்முக்குப் பணம் கட்டலாமா?

வேளச்சேரியில் இருக்கும் என் தங்கை போன் செய்தாள். "அக்கா, பாப்பாவை ஜிம் கிளாஸ்ல சேர்க்கலாம்னு பாக்கறேன். மூணு மாசத்துக்குப் பன்னிரண்டாயிரம் கேக்கறாங்க, வாரத்துக்கு ஒரு கிளாஸ். கட்டட்டுமா?" பாப்பாவுக்கு ஒன்றே முக்கால் வயது. "டிரையல் கிளாஸ் உண்டான்னு கேளு, நானும் வரேன்" என்றேன்.

ஏசி ஹால். தரை முழுக்க ஃபோம் மெத்தை. ஒரு சறுக்கு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடந்து பழக ஒரு கட்டை, சின்ன டிராம்போலின், வலைக்குள் கலர் கலராகப் பந்துகள். எட்டுக் குழந்தைகளுக்கு ஏழு அம்மாக்களும் ஒரு அப்பாவும் துணை. முதல் பத்து நிமிடம் பாப்பா தங்கையின் துப்பட்டாவை விடவே இல்லை. பிறகு ஒரு மஞ்சள் பந்தை எடுத்தாள். சறுக்கின் மேலிருந்து உருட்டிவிட்டாள், பின்னாலேயே ஓடினாள், எடுத்து வந்தாள், மறுபடி உருட்டினாள். மற்ற குழந்தைகள் கட்டைமேல் நடந்துகொண்டிருக்க, இவள் அதையே பதினைந்து இருபது தடவை செய்திருப்பாள். பயிற்சியாளர் நல்ல பெண். அவளைப் பிடித்து இழுக்காமல் அவள் போக்கில் விட்டார். கடைசியில் பெரிய பாராசூட் துணியை எல்லோரும் பிடித்துத் தூக்க, சோப்புக் குமிழிகள் பறக்க, பாப்பாவின் சிரிப்பு ஹால் முழுக்கக் கேட்டது. காரில் ஏறியதும் தூங்கிவிட்டாள்.

ஆக, குழந்தைக்குப் பிடிக்குமா என்ற சந்தேகமே வேண்டாம். பிடிக்கும். வளர்ச்சிக்கு இது அவசியமா என்பதுதான் கேள்வி. வரவேற்பறையில் கொடுத்த அட்டையில் அவசியம் என்றுதான் அச்சடித்திருந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான உடலியக்க வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்டது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது அது. ஒரே மூச்சில் அல்ல, நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தால் போதும். வாரத்துக்கு 21 மணி நேரம் ஆகிறது. ஜிம் வகுப்பு அதில் முக்கால் மணி நேரம், அதாவது நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. மீதி இருபதே கால் மணி நேரத்துக்கு வீடும் மாடிப்படியும் மொட்டைமாடியும் பூங்காவும்தான் பொறுப்பு. அந்த நேரத்தில் குழந்தை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எந்த வகுப்பாலும் ஈடுகட்ட முடியாது.

பணக் கணக்கும் உண்டு. பன்னிரண்டு வகுப்புக்கு 12,000 என்றால் ஒன்றுக்கு 1,000. இந்த வயதுக் குழந்தைக்கு மூன்று மாதத்தில் சளியோ காய்ச்சலோ வராமல் இருக்குமா? மூன்று வகுப்பு தவறினால் ஒன்றின் விலை 1,333 ஆகிவிடும். ஆட்டோவுக்குக் கொடுப்பது தனி.

பாப்பா பந்தை உருட்டியதற்கு மறுபடி வருகிறேன். இந்த வயதில் உடம்பு கற்றுக்கொள்வதே அப்படித்தான்: ஒரே காரியத்தை, சலிக்காமல், தானாக, பல நூறு முறை. வாரம் ஒருமுறை கட்டைமேல் நடப்பதைவிட, வீட்டு வாசற்படியில் தினமும் ஏறி இறங்குவது அதிகம் கற்றுக்கொடுக்கும். சுற்றுவதும் ஊஞ்சலாடுவதும் தலைகீழாகத் தொங்குவதும் உள்காதிலுள்ள சமநிலை உறுப்புக்கு வேலை கொடுக்கின்றன என்று வகுப்பில் விளக்கினார்கள். உண்மைதான். நம் வீடுகளில் தாத்தா உப்புமூட்டை தூக்கியதும், அண்ணன்மார் கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றியதும் அதே வேலையைத்தான் செய்தன.

நடைவண்டியும் அப்படித்தான். குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளிக்கொண்டு போகிறது. அதன் இடத்தில் இப்போது பல வீடுகளில் இருப்பது, உட்கார்த்தி வைத்து உருளவிடும் பிளாஸ்டிக் வாக்கர். அது நடக்கக் கற்றுத் தருவதில்லை. படிக்கட்டில் உருண்டு விழுந்த விபத்துகளால் 2004-ல் கனடா அதன் விற்பனையையே தடை செய்தது. யாராவது பரிசாகக் கொடுத்து உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், தயவுசெய்து எடுத்து வைத்துவிடுங்கள்.

மற்ற குழந்தைகளோடு பழகக் கற்றுக்கொள்ளும் என்பார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழந்தைகளின் விளையாட்டைக் கூர்ந்து கவனித்து 1932-ல் எழுதியதை இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள்: சின்னக் குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடும், சேர்ந்து விளையாடுவது பிறகுதான் வரும். அந்த ஹாலில் உண்மையில் பழகியவர்கள் அம்மாக்கள். தங்கை பக்கத்துப் பெண்ணிடம் தூக்கம், சாப்பாடு, மாமியார் என்று பேசித் தீர்த்தாள். இதைக் குறைத்துச் சொல்லவில்லை. கணவர் காலையில் போனால் இரவு வரும் ஃபிளாட்டில், நாளெல்லாம் குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பேச்சு மருந்து மாதிரி. அதற்காகக் கட்டுகிறேன் என்று தெரிந்து கட்டினால், அது நியாயமான செலவு.

ஒரு பயத்தால் கட்டாதீர்கள். அடுத்த குழந்தை குதிக்கிறது, நம் குழந்தை குதிக்கவில்லையே என்ற பயம் அந்த ஹாலில் எளிதில் தொற்றும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நல்ல ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்கில், தனியாக நடக்கத் தொடங்கும் வயது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை பரந்து கிடக்கிறது. நூற்றில் நான்கு குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழாமலே நடந்துவிட்டன. ஆனால் பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை என்றாலோ, போக வேண்டிய இடம் ஜிம் அல்ல, குழந்தை மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. பரிசோதனையும் பயிற்சியும் அங்கே இலவசம்.

சேர்ப்பது என்று முடிவானால், டிரையலில் பயிற்சியாளரைவிட மெத்தையைக் கவனியுங்கள். குழந்தைகள் வாய் வைக்கும் பந்துகளையும் மெத்தையையும் எப்போது, எதை வைத்துத் துடைக்கிறார்கள் என்று கேளுங்கள். கை, கால், வாய் நோய் இப்படிப்பட்ட இடங்களில் எளிதில் பரவும். டிராம்போலினில் ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான் ஏற வேண்டும். ஒன்றரை வயதையும் மூன்றரை வயதையும் ஒரே வகுப்பில் விட்டிருந்தால் வேண்டாம். பெரியது ஓடிவந்து இடித்தால் சின்னது தாங்காது. வகுப்பு நேரம் குழந்தை தூங்கும் நேரமாக இருந்தால், எவ்வளவு நல்ல இடமானாலும் பணம் வீண்தான். தவறிய வகுப்புக்கு மாற்று உண்டா, பாதியில் நின்றால் மீதிப் பணம் வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். கோடையில் வெயில் தாழ்ந்ததும் பெசன்ட் நகர் கடற்கரை மணல் இருக்கிறது. மற்ற நாளில் தெருமுனையில் மாநகராட்சிப் பூங்கா. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூங்கா சேறாகி, குழந்தை நாலு சுவருக்குள் அடைபடும்போது அந்த ஹால் உதவும். அப்போது ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டு. இன்றைக்கே மூன்று மாதத்துக்குக் கட்டினால்தான் தள்ளுபடி என்று அவர்கள் சொன்னபோது, வீட்டில் பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்தத் தள்ளுபடி அடுத்த வாரமும் இருந்தது.