எட்டு எழுத்து, பன்னிரண்டு எண்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலையை அடுத்துள்ள ஊர் கலசப்பாக்கம். இப்பெயரில் எத்தனை எழுத்துகள்? க, ல, ச, ப், பா, க், க, ம் என எட்டு என்று தொடக்கப்பள்ளி மாணவரும் சொல்லிவிடுவார். ஆனால், கணிப்பொறியைக் கேட்டால் பன்னிரண்டு என்கிறது! இது எப்படி?

எழுத்து எண்ணாகிறது

கணிப்பொறிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. 0, 1 என்னும் இரு நிலைகளே அதற்குத் தெரியும். எனவே எழுத்துகளுக்கு எண்கள் தரப்படுகின்றன. உலக மொழிகளுக்குப் பொதுவாக இவ்வெண்களை வகுத்துள்ள முறை ஒருங்குறி (யூனிகோடு) எனப்படும். 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இதில் 'க' என்பது 2965; இரும எண்ணில் 101110010101.

தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 128. நம் எழுத்துகளோ 247. பின் எவ்வாறு போதும்? உயிர்மெய்கள் அனைத்துக்கும் தனி எண் இல்லை. 'ல' 2994; மேல்விலங்கு 3007. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் திரையில் 'லி' தோன்றும். புள்ளிக்கும் தனி எண் உண்டு: 3021. ஆகவே 'ப்' என்பது இரண்டு எண்கள். கலசப்பாக்கத்தில் மூன்று புள்ளிகளும் ஒரு துணைக்காலும் உள்ளன. எட்டுடன் நான்கு சேரப் பன்னிரண்டு!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலக்கணப்படி 'க்' உடன் 'அ' சேர்ந்தால் 'க'. கணிப்பொறியிலோ 'க' உடன் புள்ளி சேர்ந்தால்தான் 'க்'.

எத்தியோப்பியாவின் வழி

வேறு வழி இல்லையா? உண்டு. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழி எழுத்துகளும் நம் உயிர்மெய் போன்றவையே. ஒவ்வொரு மெய்க்கும் உயிருக்கேற்ப ஏழு வடிவங்கள். ஆனால், உயிரின் அடையாளம் மெய்யின் உருவோடு ஒன்றிக் கலந்திருப்பதால் பிரிப்பது கடினம். ஆகவே 1999இல் ஒருங்குறியின் 3.0 பதிப்பில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண் தரப்பட்டது. அங்கே 'லு' ஒலிக்கு 4617, 'லி' ஒலிக்கு 4618. ஓர் எழுத்து, ஓர் எண்.

தமிழுக்கு அமைந்ததோ, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட 'இஸ்கி' முறையின் வழி. உயிர்மெய்களுக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' முறையையும், ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. எனினும் பெருவழக்காக நிலைத்தது ஒருங்குறியே.

நமக்கு என்ன?

தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எண்களே இடம். அதில் கலசப்பாக்கம் பன்னிரண்டைப் பிடித்துக்கொள்ளும். விண்ணப்பத்தில் பெயருக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு வைக்கும்போதும் இதே சிக்கல்தான்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று. 'கௌரி' என்னும் பெயரின் முதலெழுத்து 2965, 3020 என்ற இரு எண்கள். அதையே ஒருவர் ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்தும் இட்டுக் 'கெளரி' எனத் தட்டச்சு செய்தால் 2965, 3014, 2995 என்றாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணிப்பொறிக்கோ வேறு வேறு ஆட்கள்! பட்டியலில் பெயர் இருந்தும், தேடினால் "இல்லை" என்று விடை வரலாம்.

அப்படியானால் கணிப்பொறியின் கணக்கு தவறா? அன்று. அது எண்ணுவது எண்களை. நாம் எண்ணுவது எழுத்துகளை. துணைக்குறிகளை முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து எண்ணும்படி நிரல் எழுதினால் அதுவும் எட்டு என்றே சொல்லும். தமிழ் அறிந்தவர்கள் நிரல் எழுதவேண்டிய தேவை இதனால்தான். உங்கள் பெயரில் எத்தனை எழுத்து, எத்தனை எண்? கணக்கிட்டுப் பாருங்கள்!