நார்த்தாமலை

நார்த்தாமலை என்பது தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில் உள்ள ஓர் ஊரும் அதைச் சூழ்ந்த சிறு குன்றுகளின் தொகுதியும் ஆகும். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில் ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. முத்தரையர் காலக் கற்றளி, குடைவரைக் கோயில்கள், சமணச் சின்னங்கள், பாறைச் சுனைகள் ஆகியவற்றால் இவ்விடம் பெயர்பெற்றது. ஒரத்தநாடு, மன்னார்குடி போன்ற காவிரிப் பாசனப் பகுதிகளில் மலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அப்பகுதி மக்களுக்கு எட்டும் தொலைவில் உள்ள குன்றுகளுள் இதுவும் ஒன்று.

பெயர்க்காரணம்

சோழர் காலத்தில் இவ்வூர் வணிகர்களின் சபையான 'நகரம்' நிருவகித்த ஊராக இருந்தது. அவ்வணிகர்கள் நகரத்தார் எனப்பட்டனர். நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை என மருவியது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நாரதர் பெயரால் வந்தது என்ற வழக்கும் உள்ளது. முதலாம் இராசராசன் காலம் முதல் இவ்வூர் அம்மன்னனின் பட்டப்பெயரால் தெலுங்குகுலகாலபுரம் என்று கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது.

நிலவமைப்பு

மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பறையன்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, மண்மலை, பொன்மலை என ஒன்பது குன்றுகள் இங்குள்ளன. இவை தொடர்ச்சியான மலைத்தொடர் அல்ல. சமவெளியில் தனித்தனியாக எழுந்து நிற்கும் வழுவழுப்பான கருங்கல் பாறைகள் ஆகும். சுற்றியிருந்த மென்மையான பகுதிகள் நெடுங்காலமாக மழையாலும் காற்றாலும் அரிக்கப்பட, கடினமான பாறை மட்டும் எஞ்சியதால் இத்தகைய குன்றுகள் உருவாகின்றன. பகல் வெயிலும் இரவுக் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்குவதும், மேலிருந்த சுமை நீங்குவதும் சேர்ந்து பாறையின் மேற்புறத்தை வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக உரிக்கின்றன. குன்றுகளின் உருண்ட வடிவத்துக்கு இதுவே காரணம்.

தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் வேறு வகையானது. அங்கு காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல் ஆழமாகப் படிந்திருப்பதால் பாறை வெளியே தெரிவதில்லை. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பகுதியில் செம்மண் மேடு தொடங்குகிறது. 1934இல் மேட்டூர் திட்டத்தின் கீழ் முடிக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் (புது ஆறு) வந்த பிறகுதான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதியின் மேட்டு நிலங்கள் பலவற்றுக்குக் காவிரி நீர் கிடைத்தது. மேற்கே செல்லச் செல்ல ஆற்றுப் பாசனம் மறைந்து, மழையை நம்பிய ஏரி, கண்மாய்ப் பாசனம் வருகிறது. நார்த்தாமலை இந்த வறண்ட நிலத்தில் உள்ளது.

நீர்நிலைகளும் காடும்

வெறும் பாறையில் விழும் மழைநீர் மண்ணில் ஊறாமல் விரைந்து ஓடும். அடிவாரத்தில் ஏரிகளையும் குளங்களையும் அமைத்து இந்நீரை முன்னோர் தேக்கினர். பாறையின் பள்ளங்களில் தங்கும் நீர் சுனை எனப்படுகிறது. மேலமலையில் உள்ள 'தலையருவிச் சிங்கம்' என்னும் சுனையின் அடியில் சிவலிங்கத்துடன் கூடிய ஒரு குடைவரை நீரில் மூழ்கியுள்ளது. 1857இல் நீர் இறைக்கப்பட்டுப் புதுக்கோட்டை அரசி வழிபட்ட செய்தியை அருகிலுள்ள கல்வெட்டு கூறுகிறது.

குன்றுகளைச் சுற்றி முட்புதர்க் காடு காணப்படுகிறது. இதன் ஒரு பகுதி காப்புக்காடாகும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது சிதறிய துண்டுகளே இக்குன்றுகள் என்பது மக்கள் வழக்கு. இங்கு மூலிகைகள் மிகுதி என்னும் நம்பிக்கை இக்கதையுடன் சேர்ந்தது.

வரலாறு

9ஆம் நூற்றாண்டில் இப்பகுதி முத்தரையர் ஆட்சியில் இருந்தது. அவர்கள் சில காலம் பல்லவருக்கும் சில காலம் பாண்டியருக்கும் கீழ்ப்பட்டிருந்தனர். 850ஆம் ஆண்டளவில் விசயாலய சோழன் தஞ்சாவூரைக் கைப்பற்றிய பின் படிப்படியாகச் சோழர் ஆட்சி பரவியது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் வசமானது. பிற்காலத்தில் தொண்டைமான்களின் புதுக்கோட்டை அரசில் அடங்கியது. 1948இல் அவ்வரசு இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபோது திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டத்திலும் சேர்ந்தது.

கோயில்களும் சின்னங்களும்

விசயாலய சோழீசுவரம்: மேலமலையின் சரிவில் மேற்கு நோக்கி அமைந்த சிவன் கோயில். வெளிச்சுவர் சதுரமாகவும் கருவறை வட்டமாகவும் இருப்பது இதன் சிறப்பு. விமானத்தின் கீழ்த்தளங்கள் சதுரமாகவும் மேல்தளமும் சிகரமும் வட்டமாகவும் உள்ளன. சுற்றிலும் இருந்த எட்டுச் சிறு கோயில்களில் ஆறு எஞ்சியுள்ளன. பெயரைக் கொண்டு விசயாலயன் கட்டியது என்று பலரும் எண்ணுவர். ஆனால் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கட்டிய கற்றளி மழையால் இடிந்தது என்றும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்றும் கல்வெட்டு தெரிவிக்கிறது. எனவே இது முத்தரையர் பணி என்று கொள்வதே பொருத்தமாகும்.

பழியிலீசுவரம்: கோயிலுக்கு எதிரே உள்ள சிறு குடைவரை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில் முத்தரையர் மரபினரான சாத்தன் பழியிலி குடைவித்தார். அவர் மகள் பழியிலி சிறியநங்கை முன்மண்டபம் முதலியவற்றைச் சேர்த்தார்.

சமணர் குடகு: பெரிய குடைவரை. முன்பு சமணர் இடமாக இருந்து, பின்னர் பதினெண்பூமி விண்ணகரம் என்னும் திருமால் கோயிலானது. இங்கு ஒரே அளவிலான 12 திருமால் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன.

கடம்பர்மலைக் கோயில்: குன்றின் அடிவாரத்தில் உள்ள சோழர் காலச் சிவன் கோயில். அருகிலுள்ள பாறையில் நீண்ட கல்வெட்டுகள் உள்ளன.

ஆளுருட்டிமலை: சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ள குன்று. குற்றவாளிகளை இதன் உச்சியிலிருந்து உருட்டிவிட்டதால் இப்பெயர் வந்ததாகக் கூறுவர்.

முத்துமாரியம்மன் கோயில்: ஊரில் உள்ள இக்கோயிலின் பங்குனித் திருவிழாவும் தேரோட்டமும் புகழ்பெற்றவை. சுற்று மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.

கல்வெட்டுத் தொழிலும் பாதுகாப்பும்

1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் முழுதும் கருங்கல்லால் ஆனது. தஞ்சாவூரில் கல் கிடைக்காது என்பதால் அதற்கான கல் நார்த்தாமலை உள்ளிட்ட புதுக்கோட்டைக் குன்றுகளிலிருந்து சென்றது எனப் பரவலாகக் கருதப்படுகிறது. அக்காலத்தில் பாறையில் வரிசையாகக் குழிகள் வெட்டி, காய்ந்த மரமுளைகளை இறுக்கி நீரூற்றுவர். மரம் ஊறிப் பருக்கும்போது கல் நேராகப் பிளக்கும். வேண்டிய அளவு மட்டும் எடுக்கும் முறை இது. பாறையின் மற்ற பகுதிக்கு அதிர்ச்சி ஏற்படாது.

இன்று துளையிடும் எந்திரமும் வெடிமருந்தும் பயன்படுகின்றன. கட்டடம், சாலை ஆகியவற்றுக்குத் தேவையான ஜல்லிக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்தின் பல குன்றுகள் உடைக்கப்பட்டுள்ளன. ஆளுருட்டிமலையிலும் கல் எடுத்த தடங்களைக் காணலாம். பாறை மீண்டும் வளர்வதில்லை. குன்று குறைந்தால் கல்வெட்டும் சிற்பமும் மட்டுமல்லாமல், ஏரிக்கு வரும் நீர்வரத்தும் சேர்ந்தே அழியும்.

விசயாலய சோழீசுவரம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி; அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. இந்த எல்லை சின்னத்திலிருந்து அளக்கப்படுவது. குன்று முழுவதையும் அது தானாக உள்ளடக்குவதில்லை. ஒன்பது குன்றுகளையும் ஒரே நிலத்தொகுதியாகக் கருதிக் காக்க வேண்டியதன் தேவை இதிலிருந்து விளங்கும்.

செல்லும் வழி

திருச்சிராப்பள்ளி – புதுக்கோட்டை இருப்புப்பாதையில் நார்த்தாமலை நிலையம் உள்ளது. பேருந்தில் வருவோர் முதன்மைச் சாலையில் இறங்கி ஊருக்குள் செல்லலாம். ஒரத்தநாட்டிலிருந்து வருவோர் தஞ்சாவூர் சென்று புதுக்கோட்டை வழியாக வரலாம். மேலமலைக்குப் பாறைச் சரிவில் நடந்தே ஏற வேண்டும். நண்பகலில் பாறை கடுமையாகச் சுடும் என்பதால் காலையிலோ மாலையிலோ செல்வது நல்லது. குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். சுனைகள் ஆழமானவை என்பதால் அவற்றில் இறங்கக் கூடாது.