சிறு தொழிலும் கைமுதலும்

வாரச் சந்தையில் நாம் காணும் காட்சி யாவருக்கும் பழக்கமானதே. ஒருவர் நான்கு கூடைக் காய்கறியுடன் அமர்ந்திருப்பார். அடுத்தவர் ஓலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார். மரத்தடியில் ஒருவர் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருப்பார். இவர்களுக்குக் கூலியாட்கள் இல்லை; கணக்குப்பிள்ளையும் இல்லை. தொழில் எவ்வாறு நடக்கிறது என்று வினவினால், "கையில் இன்னும் கொஞ்சம் முதல் இருந்தால் நன்றாய் நடக்கும்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும்.

இவ்விடை எவ்வளவு தூரம் உண்மை? கூடுதல் முதல் கிடைத்தால் ஆதாயம் பெருகுமா? பெருகுமாயின் எவ்வளவு, யாருக்கு? கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் நம் போன்ற அலுவலர்களுக்கும், மனுச் செய்யும் கிராம மக்களுக்கும் இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல, அன்றாடக் கேள்விகள்.

கடன் பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டு விடை காணலாமே என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கடன் கேட்டு வருபவர் இயல்பிலேயே ஊக்கம் மிகுந்தவராக இருக்கலாம். அவர் பின்னர் முன்னேறினால், அது பணத்தால் விளைந்ததா, ஊக்கத்தால் விளைந்ததா என்று பிரித்தறிய இயலாது. புதிய உரத்தின் பயனை அறிய விரும்பும் விவசாய இலாகாவினர் என்ன செய்கிறார்கள்? ஒரே மாதிரியான நிலத்தில் ஒரு பாத்திக்கு உரமிட்டு, பக்கத்துப் பாத்தியை உரமின்றி விடுகிறார்கள். விளைச்சலில் காணும் வேற்றுமையே உரத்தின் பயன். இம்முறையைப் பொருளாதார ஆராய்ச்சியாளர் சிலர் சிறு தொழில்களிலும் கையாண்டுள்ளனர்.

இவற்றுள் இலங்கையில் நடந்த பரிசோதனை குறிப்பிடத்தக்கது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரேஷ் டி மெல், உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூவரும் 2005-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். களுத்துறை, காலி, மாத்தறை ஆகிய மாவட்டங்களில், நிலமும் கட்டடமும் நீங்கலாக ஒரு லட்சம் இலங்கை ரூபாய்க்குக் குறைந்த முதலுடன் நடைபெற்ற சிறு தொழில்களை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். சில்லறைக் கடைக்காரர், தையல் வேலை செய்வோர், மூங்கிற்பொருள் முடைவோர், ஆப்பமும் இடியாப்பமும் விற்போர், சைக்கிள் பழுது பார்ப்போர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். கூலியாள் வைத்தவர் எவரும் இல்லை.

சீட்டுக் குலுக்கல் முறையில் இவர்களுள் சிலருக்கு 10,000 ரூபாயும், சிலருக்கு 20,000 ரூபாயும் நன்கொடையாகவே வழங்கப்பட்டன. ஒரு சாராருக்குப் பணமாகவும், மற்றொரு சாராருக்குச் சரக்காகவோ கருவியாகவோ அவை கிடைத்தன. 10,000 ரூபாய் என்பது அத்தகைய தொழிலில் ஏறத்தாழ 3 மாத ஆதாயத்திற்குச் சமம். பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆராய்ச்சியாளர் சென்று வரவு செலவைக் கேட்டறிந்தனர்.

2008-இல் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. கூடுதலாகக் கிடைத்த முதல் மாதந்தோறும் சராசரியாக 4.6 முதல் 5.3 சதவிகிதம் வரை ஆதாயம் ஈட்டிற்று. 10,000 ரூபாய் பெற்றவருக்கு மாதம் சுமார் 500 ரூபாய் கூடுதல் வருமானம் என்று கொள்ளலாம். ஆண்டுக் கணக்கில் இது 55 முதல் 63 சதவிகிதம் ஆகிறது. சந்தையில் வழங்கிய வட்டி விகிதத்தைவிட மிக அதிகம். சிறு தொழிலாளியின் கையில் கொடுக்கும் பணம் வீணாகும் என்ற கருத்து தவறென்பதும், சந்தையில் நாம் கேட்ட விடையில் உண்மை உண்டென்பதும் இதனால் புலனாயின.

ஆயினும் சராசரி என்பது பல வேற்றுமைகளை மறைத்துவிடும். ஆண்கள், பெண்கள் என்று கணக்கைப் பிரித்தபோது ஆண்கள் நடத்திய தொழில்களிலேயே ஆதாயம் பெருகியிருந்தது. பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாக ஒரு பயனும் காணவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோதும் நிலைமை மாறவில்லை. நன்கொடை பெற்ற ஆண்களின் தொழில்கள் பெறாதோருடையவற்றைவிட மிகுதியாக நிலைத்து நின்றன. பெண்களுக்கு அத்தகைய நற்பலன் இல்லை.

பெண்களுக்குத் தொழில் நடத்தும் திறமை குறைவு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாமா? அவ்வாறு முடிவு செய்வது பெரும் பிழையாகும். 2019-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, இலங்கை, இந்தியா, கானா ஆகிய மூன்று நாடுகளின் விவரங்களையும் மறுமுறை ஆராய்ந்தது. வீட்டில் பெண்ணின் தொழில் ஒன்றே தொழிலாக இருந்த இடங்களில் அவளுடைய ஆதாயம் நன்கு பெருகியிருந்தது. கணவரும் தனியே தொழில் நடத்திய வீடுகளில்தான் பெண்ணின் தொழில் வளரவில்லை. அவள் பெயரில் வந்த பணம் கணவரின் தொழிலுக்குச் சென்றிருந்ததே அதற்குக் காரணம். குடும்பத்தின் மொத்த வருமானத்தைக் கணக்கிட்டால், பணம் ஆணிடம் கொடுக்கப்பட்டாலும் பெண்ணிடம் கொடுக்கப்பட்டாலும் உயர்வு ஒன்றாகவே இருந்தது.

இதனைப் படித்தபோது நமது வட்டாரத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. இட்லிக் கடை வைப்பதற்கென்று ஓர் அம்மையார் மகளிர் குழு மூலம் கடன் பெற்றார். ஒரு தவணையும் தவறவில்லை. நாமும் அறிக்கையில் "முழு வெற்றி" என்று எழுதினோம். பின்னர் நேரில் சென்று பார்த்தால் கடையைக் காணோம். அப்பணம் கணவரின் தச்சுப் பட்டறைக்கு மரம் வாங்கச் செலவாகியிருந்தது. "அவர் பட்டறை நின்றால் அடுப்பும் நின்றுபோகும் ஐயா, கடையை அடுத்த கடனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்" என்றார் அவர். அவர் மீது குற்றமில்லை. குடும்பத்திற்கு எது நல்லதோ அதையே செய்தார். கடன் வீணாயிற்று என்றும் கூற முடியாது. ஆனால் அவருக்கென்று ஒரு தொழில் அமைய வேண்டும் என்ற நமது நோக்கம் நிறைவேறவில்லை. தவணைப் பதிவேட்டை மட்டும் பார்த்த நமக்கு அது தெரியவே இல்லை. பிழை நம்முடையதே.

இத்தகைய நிலையை மாற்ற வழியுண்டா? கானா நாட்டில் சிறு தொழில் செய்வோருக்கு ஒரு சாராருக்குப் பணமும், மற்றொரு சாராருக்கு அவர்களே தேர்ந்தெடுத்த பொருளும் வழங்கிப் பார்த்தனர். பெண்களிடம் பணமாகக் கொடுத்தது தொழிலில் தங்கவில்லை. பொருளாகக் கொடுத்ததோ, ஓரளவு பெரிய தொழில் நடத்திய பெண்களுக்கு ஆதாயத்தை உயர்த்திற்று. மிகச் சிறிய அளவில் வயிற்றுப் பிழைப்புக்காகத் தொழில் நடத்திய பெண்களுக்கு அதுவும் பயன் தரவில்லை. ஆகவே பொருளாகக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை.

கடன் திருப்பும் முறையும் கவனிக்கத்தக்கது. கல்கத்தாவில் பெண்களுக்கு வழங்கிய சிறு கடனுக்கு இரண்டு வாரத்திலேயே தவணை தொடங்குவது வழக்கமாக இருந்தது. நட்ட நாற்று வேர் பிடிக்குமுன் அறுவடைக்கு நாள் குறிப்பது போன்றது இது. ஒரு சாராருக்கு மட்டும் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்துப் பார்த்தனர். அவர்கள் புதிய தொழில்களில் மிகுதியாகத் துணிந்து இறங்கினர். மூன்றாண்டுகளுக்குப் பின் அவர்களுடைய ஆதாயம் மற்றவர்களுடையதைவிட 41 சதவிகிதம் அதிகமாக இருந்தது. ஆனால் கடனைத் திருப்பாதோர் தொகையும் கூடிற்று. துணிவுக்கு இடமளித்தால் நஷ்டத்திற்கும் இடமுண்டு என்பதைக் கடன் கொடுப்போர் உணர்தல் வேண்டும்.

கணக்குப் பயிற்சி குறித்தும் ஒரு சொல். டொமினிக்கன் குடியரசில் சிலருக்கு முறையான கணக்கியல் கற்பித்தனர். சிலருக்கு வீட்டுப் பணத்தையும் தொழிற் பணத்தையும் பிரித்து வைப்பது போன்ற எளிய விதிகளை மட்டும் கற்பித்தனர். 2014-இல் வெளியான முடிவின்படி எளிய விதிகளே நற்பயன் அளித்தன. ஏடு நிறையக் கணக்கெழுத முடியாதவரும் இரண்டு டப்பாக்கள் வைத்துக்கொள்ள முடியுமன்றோ?

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் சில. கடன் மனுவைப் பார்க்கும்போது அவ்வீட்டில் வேறு தொழில் உண்டா என்று கேட்டறிய வேண்டும். உண்டெனில், கணவன் மனைவி இருவரின் தேவையையும் ஒருங்கே மதிப்பிட வேண்டும். இல்லையேல் ஒருவர் பெயரில் வந்தது மற்றவர் தேவைக்கே செல்லும். தொழிலின் இயல்புக்கேற்பத் தவணையை அமைக்க முடியுமா என்று கூட்டுறவுச் சங்கத்தாரும் வங்கியாரும் ஆலோசிக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, பணம் திரும்பியதா என்று கேட்பதோடு நில்லாமல், ஓராண்டு கழித்துத் தொழில் நடக்கிறதா என்று சென்று பார்க்க வேண்டும்.

அந்த அம்மையாரின் இரண்டாவது மனு இப்பொழுது நமது மேசையில் உள்ளது. இம்முறை மாவரைக்கும் இயந்திரத்தையும் பாத்திரங்களையும் பொருளாகவே பெற்றுக்கொள்ள அவர் விரும்புகிறார். பட்டறைக்கு வேண்டிய முதலுக்கு அவருடைய கணவரும் தனியே மனுச் செய்திருக்கிறார். இரண்டையும் ஒருசேரப் பரிசீலித்து வருகிறோம்.