பால் வேண்டாத விருந்தாளி

தமிழ்நாட்டில் ஒருவர், "இன்று முதல் நான் மாமிசம் உண்பதில்லை" என்று தீர்மானம் செய்துகொண்டால் அண்டை அயலில் அவருக்கு மரியாதை ஒரு படி உயர்கிறது. "வெங்காயமும் பூண்டும் கூட வேண்டாம்" என்றால் இன்னும் இரண்டு படி உயரும். ஆனால் அவரே, "பால், தயிர், நெய் மூன்றும் இனி எனக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பார்க்கட்டும்! வீட்டார் முதலில் சிரிப்பார்கள். பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் பிறகு, இந்த விபரீதம் எந்தச் சிநேகிதனிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று விசாரணை ஆரம்பமாகும். வீட்டில் பாட்டி ஒருத்தி இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பாட்டி தன் பிரியத்தையெல்லாம் நெய்க் கரண்டியில் வைத்துத்தான் பரிமாறுகிறாள். கரண்டியை மறித்து இலையின் மேல் கையை விரித்தால் அவள் மனம் என்ன பாடுபடும்!

1998 முதல் உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் தேசம் நமது பாரத தேசம். அப்படிப்பட்ட நாட்டில் பாலை மறுக்கிறவரைப் பிறர் விசித்திரப் பிராணியாகப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தக் கொள்கைக்காரர்களுக்கு 'வீகன்' என்று பெயர். 1944-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்ஸன் என்பவரும் அவருடைய சகாக்கள் சிலரும் சேர்ந்து, 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுப்பகுதியைக் கத்தரித்து எறிந்து இந்தப் பெயரை உண்டாக்கினார்கள். தமிழில் இப்போது 'நனிசைவம்' என்று சிலர் எழுதுகிறார்கள், நல்ல சொல்தான். மாமிசம், முட்டை, பால், தேன் ஆகிய எதையும் இவர்கள் தொடுவதில்லை. கன்றுக்காகச் சுரந்த பாலை நாம் கறந்துகொள்வது நியாயமா, பால் தராத காளைக் கன்றின் கதி என்ன என்று கேட்கிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல இன்று நாம் முன்வரவில்லை. வீட்டில் ஒருவர் இப்படியும் மற்றவர்கள் பழையபடியும் இருக்கும்போது, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து மனக்கசப்பின்றிச் சாப்பிட வழி உண்டா என்பதே நமது கேள்வி.

இந்தக் கேள்வி நமது தேசத்துக்குப் புதிதன்று. வாட்ஸன் பெயர் சூட்டுவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1912-இல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் மகாத்மா காந்தியும் அவருடைய நண்பர் காலன்பாக்கும் பாலை விட்டுவிட்டார்கள். புலனடக்கம் ஒரு காரணம். கல்கத்தாவிலிருந்து வந்த பிரசுரங்களில் பசுக்களையும் எருமைகளையும் பால்காரர்கள் படுத்தும் பாட்டைப் படித்தது மற்றொரு காரணம். ஆறு ஆண்டுகள் சென்றன. 1918-இல் மகாத்மாவுக்குச் சீதபேதி கண்டு உயிருக்கே ஆபத்து என்னும் நிலை வந்தது. பால் சாப்பிடாமல் உடம்பு தேறாது என்று பம்பாய் டாக்டர் தலால் சொல்லிவிட்டார். மகாத்மா விரதத்தைக் காட்டி மறுத்தார். அப்போது படுக்கை அருகே நின்ற கஸ்தூரிபா, "விரதம் எடுத்தபோது உங்கள் மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தானே? ஆட்டுப் பாலுக்கு என்ன தடை?" என்ற கருத்தில் ஒரு யோசனை சொன்னார். மகாத்மா இணங்கினார், பிழைத்தார். ஆனால் விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் ஆவியை விட்டுவிட்டதாகத் தமது சுயசரிதத்தில் மிகவும் வருந்தி எழுதினார். அந்தப் படுக்கை அறையில் நடந்த வாக்குவாதம், ஆட்டைத் தவிர மற்றெல்லா அம்சங்களோடும், இன்று நம் ஊர்ச் சாப்பாட்டு அறைகளில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் கொள்கை. மறு பக்கம், கண்ணெதிரே ஒருவர் இளைத்துப் போவாரோ என்ற பயம். இரண்டையும் கேலி செய்வதற்கில்லை.

ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறோம். மாமிச உணவு உள்ள வீட்டில் வீகன் ஒருவர் ஏறக்குறைய சௌக்கியமாகவே காலந்தள்ளிவிடுகிறார். அங்கே குழம்புக்கு வேண்டிய ருசியைத் தருவது தேங்காயும் மிளகும் சோம்பும்தான். அதே மசாலையில் பலாமூசையோ காளானையோ போட்டுவிட்டால் தீர்ந்தது. சங்கடமெல்லாம் பரம்பரைச் சைவ வீட்டில்தான்! அங்கே காலையில் காப்பி, பருப்பின் மேல் நெய், நடுவில் மோர்க் குழம்பு, கடைசியில் தயிர்ச் சோறு. ஒன்றை விட்டால் ஒன்று வந்து மறிக்கிறது.

ஆனாலும் ஒரு சங்கதியை நமது தாய்மார்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். இட்லி, தோசை, அடை, சாம்பார், ரசம், வத்தக் குழம்பு, புளியோதரை, எலுமிச்சம் சாதம், சுண்டல், கூட்டு, துவையல் இவற்றில் எதற்குப் பால் வேண்டும்? தாளிக்கும் நெய்யை எண்ணெயாக மாற்றினால் போதும். ஆகவே தனி அடுப்பும் தனிச் சமையலும் வேண்டியதே இல்லை. நெய்யைப் பதார்த்தத்தில் கலக்காமல் கிண்ணத்தில் தனியாக வைத்துவிடுவதுதான் நாம் கண்ட சுலபமான வழி. வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்கிறார்கள், வேண்டாதவர் கிண்ணத்தை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுகிறார். பாட்டி மட்டும், "ஒரு சொட்டு தெரியாமல் விட்டால் என்ன?" என்று நினைக்கலாம். அந்த ஒரு சொட்டுதான் கூடாது. தெரியாமல் ஊட்டினார்கள் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அப்புறம் அந்தப் பிள்ளை சொந்த வீட்டிலேயே சந்தேகத்தோடு சாப்பிட உட்காருவான். இதே நியாயம் எதிர்ப் பக்கமும் உண்டு. வீகன் அன்பர்கள் முந்திரியையும் வேர்க்கடலையையும் சோயாவையும் அரைத்துப் பால், வெண்ணெய் என்று விதவிதமாகச் செய்கிறார்கள். இவை சிலர் உடம்புக்கு ஒவ்வாதவை. ஆகையால் விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பந்தி நடுவே மாட்டுத் தொழுவத்தின் கொடுமைகளைப் பிரசங்கம் செய்வதையும் கை கழுவிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விருந்து என்று வந்துவிட்டால் எதை வைப்பது? நாம் தயங்காமல் திருநெல்வேலிச் சொதியைச் சொல்வோம். கல்யாணமான பிறகு மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் பரிமாறும் பெருமை வாய்ந்த பதார்த்தம் அது. அதில் குறை என்று யாரும் சொன்னதில்லை. பால் இல்லை என்பதையும் யாரும் கவனித்ததில்லை. நான்கைந்து பேருக்கு ஒரு பெரிய தேங்காய் வேண்டும். துருவி அரைத்து, கெட்டியான முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வெந்நீர் விட்டு இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் எடுக்க வேண்டும். அரை ஆழாக்குப் பாசிப் பருப்பைக் குழைய வேக வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய் எல்லாவற்றையும் லேசாக வதக்கி, மூன்றாம் பாலிலும் பிறகு இரண்டாம் பாலிலும் வேக விட்டு, பருப்பைச் சேருங்கள். முதல் பாலை ஊற்றியதும் ஒரு நுரை கூடும்; அந்தக் கணமே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். இறக்கிய பிறகு இஞ்சிச் சாறும் எலுமிச்சம் பழச் சாறும் விட்டுத் தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் பக்கத்தில் இருந்தால் நெய்க் கிண்ணத்தைப் பந்தியில் யாரும் தேடுவதில்லை.

பாயசத்துக்கும் அதே தேங்காய்ப் பால்தான். பாசிப் பருப்பு, வெல்லம், ஏலக்காய். முந்திரிக்குப் பதில் தேங்காய்ப் பல்லை எண்ணெயில் சிவக்க வறுத்துப் போட்டால் நெய் வாசனை இல்லாத குறை தெரியாது. எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களியும் ஏற்கெனவே நனிசைவம்தான். திருநெல்வேலி அல்வாவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே உத்தமம்; அது நெய்யின் மறு அவதாரம். ஆனால் தூத்துக்குடி ஜில்லாவில் முதலூர் என்ற சிற்றூரில் செய்யும் மஸ்கோத் அல்வா நெய்யில்லாமல் தேங்காய்ப் பாலிலேயே கிளறப்படுவது. அதைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தால் வீட்டிலுள்ள இரண்டு கட்சியும் சமாதானம் ஆகிவிடும்.

தயிர் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுவோம். வேர்க்கடலையை ஊற வைத்து, மூன்று பங்கு தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் பச்சை மிளகாய்க் காம்புகள் நாலைந்தைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் தயிர் போல் உறைகிறது. காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்கிற வேலை அது. முதல் தடவை உறைவது சற்று நீர்த்தும் வாடையாகவும் இருக்கும்; அதையே உறையாக ஊற்றினால் அடுத்தது சீராக வரும். மோர்க் குழம்புக்கு இது போதும். தயிர்ச் சோற்றுக்கு மட்டும், பல ஆண்டு பழகிய நாக்கை ஏமாற்ற முடியாது. அதற்குப் பதில் கடைசிச் சோற்றுக்கு நல்ல ரசமோ நாரத்தங்காய் ஊறுகாயோ போதும் என்று ஒப்புக்கொள்வதே கௌரவம்.

காப்பியோ இன்னும் கடினம். சோயாப் பாலைக் கொதிக்கும் டிகாக்ஷனில் ஊற்றினால், காப்பியின் புளிப்பும் சூடும் சேர்ந்து பால் திரிந்து திப்பி திப்பியாக நிற்கும். பாலை மிதமாகச் சூடாக்கி, அதில் டிகாக்ஷனைச் சிறிது சிறிதாக ஊற்றுவதுதான் யுக்தி. ஓட்ஸ் பால் இதைவிடச் சமர்த்தாக நடந்துகொள்கிறது. நம்மைக் கேட்டால், தென்பாண்டி நாட்டில் சுக்குத் தட்டிப் போட்டுக் காய்ச்சும் கருப்பட்டிக் காப்பிக்கு இந்தப் போலிகள் ஈடாகா.

பாட்டியின் பயத்துக்கு இனிப் பதில் சொல்ல வேண்டும். அதில் நியாயம் உண்டு. பி-12 என்னும் வைட்டமினைத் தாவர உணவிலிருந்து நம்பிப் பெற முடியாது. அது குறைந்தால் இரத்தமும் நரம்பும் கெடும். ஆகையால் வீகன் ஒருவர் டாக்டரைக் கேட்டு அதற்குரிய மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். இதில் வீம்பு கூடாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. எள்ளும் கீரையும் துணைக்கு வரும். கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக வேர்க்கடலைப் பாலையோ தேங்காய்ப் பாலையோ கொடுக்கும் எண்ணம் மட்டும் யாருக்கும் வரவே கூடாது.

கடைச் சாமான் வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. பொட்டணத்தின் மேலுள்ள பச்சைப் புள்ளி, மாமிசமும் முட்டையும் இல்லை என்றுதான் சொல்லும். பாலைப் பற்றி வாய் திறக்காது. ரொட்டியிலும் பிஸ்கோத்திலும் பால் தூள் ஒளிந்திருப்பது சகஜம். 2022-இல் மத்திய அரசாங்கத்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நனிசைவ உணவுக்கென்று தனி விதிகளும் தனிச் சின்னமும் வகுத்தது. அந்தச் சின்னம் இல்லாத பொட்டணத்தில் பொடி எழுத்துக்களைப் படித்தே தீர வேண்டும். மூக்குக் கண்ணாடியோடு கடைக்குப் போவது நல்லது.

இந்தக் காரணத்தால்தான் கேக்கை வீட்டிலேயே செய்துவிடலாம் என்கிறோம். நம் ஊர்க் கடைகளில் 'முட்டை இல்லாத கேக்' என்று விற்பதில் முட்டையின் இடத்தைப் பெரும்பாலும் டின் பால் பிடித்துக்கொண்டிருக்கும். முட்டையும் பாலும் வெண்ணெயும் இல்லாமல் கேக் செய்யும் வித்தை, முதல் உலக யுத்தத்தின்போதே அமெரிக்கக் குடும்பங்களில் பரவியிருந்தது. பஞ்சம் கற்றுக்கொடுத்த பாடம் இப்போது கொள்கைக்கு உதவுகிறது.

ஒன்றரைக் கிண்ணம் மைதா, ஒரு கிண்ணம் சர்க்கரை, மூன்று மேஜைக் கரண்டி கோகோப் பொடி, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு எல்லாவற்றையும் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். ஒரு மேஜைக் கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி வனிலா, ஐந்து மேஜைக் கரண்டி எண்ணெய், ஒரு கிண்ணம் தண்ணீர் இவற்றை ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கினால் மாவு தயார். வாசனையற்ற எண்ணெயாக இருக்கட்டும். நல்லெண்ணெய் ஊற்றினால் கேக்கில் மிளகாய்ப் பொடிக்குத் துணை வந்தது போல் இருக்கும். வினிகரும் சோடாவும் சந்தித்த உடனே வாயு கிளம்புகிறது; அதுதான் கேக்கை உப்ப வைக்கிறது. ஆகவே மாவைக் கலந்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போகக் கூடாது. அதிகமாக அடித்துக் கலக்கினாலும் கேக் ரப்பராகும். அவன் அடுப்பில் 180 டிகிரி சூட்டில் அரை மணி முதல் முப்பத்தைந்து நிமிஷம் போதும். அவன் இல்லாத வீட்டில், ரப்பர் வளையமும் வெயிட்டும் எடுத்துவிட்ட பிரஷர் குக்கரில் உப்பைப் பரப்பி, பத்து நிமிஷம் காய விட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி வரை வேக விடலாம். குச்சியைக் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

மேலே அலங்காரம் வேண்டுமென்றால் அதற்கும் வழி கிடைத்திருக்கிறது. 2014-இல் ஜோயல் ரோஸெல் என்ற பிரெஞ்சுச் சங்கீதக்காரர், பருப்பு வகைகளை வேக வைத்த தண்ணீர் முட்டையின் வெள்ளைக் கருவைப் போல் நுரைக்கும் என்று கண்டார். நவராத்திரிச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேக வைத்து நாம் கொட்டிவிடுகிறோமே, அதே தண்ணீர்தான்! உப்புப் போடாமல் வேக வைத்து, வடித்து, பிசுபிசுப்பாகும்வரை சுண்டக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு சர்க்கரை சேர்த்துக் கடைந்தால் பத்து நிமிஷத்தில் பஞ்சு போல் வெள்ளை நுரை எழும்பும். மற்றப் பலகாரங்களில் ஒரு முட்டைக்குப் பதில் மூன்று மேஜைக் கரண்டி என்பது கணக்கு. கேக் முற்றும் ஆறிய பிறகே இந்த நுரையைத் தடவ வேண்டும். சூட்டில் தடவினால் வழிந்துவிடும். தடவியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். தடவாத கேக்கை மூடி வைத்தால் மறுநாள் ஈரம் சமமாகப் பரவி இன்னும் மிருதுவாக இருக்கும், குழந்தைகள் மிச்சம் வைத்தால்.