ஓய்வுப் பருவமும் உடலுறுதியும்

காற்பந்து ஆட்டம் 90 நிமிடம் நடைபெறும். அந்த நேரத்தில், கோல் காவலரைத் தவிர மற்ற ஆட்டக்காரர் ஒருவர் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கிறார். அவர் ஒரே சீராக ஓடுவதில்லை. நடக்கிறார்; மெதுவோட்டம் ஓடுகிறார்; பந்தைக் கண்டதும் பாய்கிறார்; சட்டென்று நின்று திரும்புகிறார்; தலையால் முட்டக் குதிக்கிறார். பல மாதங்கள் இவ்வாறு உழைத்த உடலுக்கும் மனத்திற்கும் ஓய்வு கட்டாயம் தேவை. ஐரோப்பாவின் பெரிய லீக் போட்டிகள் பல ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிவடைகின்றன. அடுத்த போட்டிப் பருவம் தொடங்கும்வரை உள்ள இடைக்காலமே ஓய்வுப் பருவம் எனப்படுகிறது.

இந்தக் காலத்தில் சிறு காயங்கள் ஆறுகின்றன; களைத்த தசைகள் தேறுகின்றன. ஆயினும், பயிற்சியை முற்றாக நிறுத்திவிட்டால் உடல் வேறு வகையிலும் மாறத் தொடங்குகிறது. பயன்படுத்தாத திறனை உடல் நீண்ட நாள் வைத்திருப்பதில்லை.

முதல் மாற்றம் இரத்தத்தில் ஏற்படுகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவரின் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி மிகுந்திருக்கும். பயிற்சி நின்ற சில நாள்களிலேயே அது குறையத் தொடங்கும். அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவும் குறைகிறது. முன்பு எளிதாக ஓடிய அதே தூரத்தை ஓட, இதயம் இப்போது அதிக முறை துடிக்க வேண்டியுள்ளது. வாரங்கள் செல்லச் செல்ல, தசைகளில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறனும் குறைகிறது. நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டாளர்களின் உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்சத் திறன், நான்கு வாரங்களுக்குள் 4 முதல் 14 விழுக்காடுவரை குறையக்கூடும் என விளையாட்டு அறிவியல் ஆய்வுகள் காட்டுகின்றன.

எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. தசை வலிமை சில வாரங்கள்வரை பெரிதும் குன்றாமல் இருக்கும். நீடித்து ஓடும் ஆற்றலோ விரைவில் குறைந்துவிடும். இந்த வேறுபாட்டில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஓய்விலிருந்து திரும்பும் ஆட்டக்காரர் தம் கால்களில் பழைய வலிமை இருப்பதாக உணர்ந்து, முதல் நாளிலேயே முழு வேகத்தில் ஓட முற்படுகிறார். ஆனால், அதிவேக ஓட்டத்தைப் பல வாரங்களாகச் சந்திக்காத பின்தொடைத் தசை அந்த இழுப்பைத் தாங்காமல் கிழிந்துபோகலாம். அப்படிக் காயமடைந்தால், பருவம் தொடங்கும் முன்பே அவர் பல வாரங்கள் ஒதுங்கியிருக்க நேரிடும்.

எடைக்கருவியையும் முழுமையாக நம்ப இயலாது. பயிற்சிக் காலத்தில் உண்ட அளவே ஓய்விலும் உண்டால் உடலில் கொழுப்பு சேரும், தசையோ குறையும். ஒன்று கூடி மற்றொன்று குறைவதால் எடை மாறாததுபோல் தோன்றலாம். மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிரூட்டப்பட்ட அறையிலேயே பல வாரங்களைக் கழிப்பவரின் உடல், வெயிலைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடும்.

2020ஆம் ஆண்டில் உலகமே இதை நேரில் கண்டது. கோவிட்-19 பெருந்தொற்றால் ஜெர்மனியின் புண்டஸ்லீகா போட்டிகள் மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டு, மே 16ஆம் நாள் மீண்டும் தொடங்கின. இடையில் ஆட்டக்காரர்கள் முதலில் வீட்டிலும் பின்னர் சிறு குழுக்களாகவும் பயிற்சி செய்தனர். நீண்ட இடைவெளிக்குப் பிறகு நெருக்கமான நாள்களில் ஆட வேண்டிய நிலையில் அவர்களின் உடல்நலத்தைக் காக்க, காற்பந்து விதிகளை வகுக்கும் அனைத்துலக வாரியம் அதே மாதத்தில் ஒரு தற்காலிக மாற்றத்தை அனுமதித்தது. மூன்று மாற்று ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக ஐவரைக் களமிறக்கலாம் என்பதே அது. பின்னர், 2022இல் அது நிலையான விதியானது.

அப்படியானால், ஓய்வுப் பருவத்தை எப்படிக் கழிப்பது? முதல் ஓரிரு வாரங்கள் காற்பந்தை மறந்து ஓய்வெடுக்கலாம். நீச்சல், மிதிவண்டி ஓட்டம், பூப்பந்து போன்றவற்றில் ஈடுபடலாம். அதன்பின், வாரத்திற்கு இரண்டு மூன்று நாள்கள் பயிற்சி செய்தாலே பெற்ற ஆற்றலைப் பெருமளவு காத்துக்கொள்ள முடியும். பயிற்சி நாள்களைக் குறைக்கலாம். பயிற்சியின் தீவிரத்தைக் குறைக்கக்கூடாது. நார்வேயில் 18 வயதை ஒட்டிய இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 2001இல் வெளியான ஆய்வு, தீவிரப் பயிற்சியின் பயனைக் காட்டுகிறது. வழக்கமான பயிற்சியோடு, வாரம் இருமுறை அவர்கள் நான்கு நிமிட வேக ஓட்டத்தை நான்கு சுற்றுகள் ஓடினர். சுற்றுகளுக்கிடையே மெதுவோட்டம் ஓடினர். எட்டு வாரங்களுக்குப் பின், ஓர் ஆட்டத்தில் அவர்கள் கடந்த தூரம் 20 விழுக்காடு கூடியிருந்தது.

ஓய்விலிருந்து திரும்பும்போது பொறுமை வேண்டும். முதல் வாரத்தில் மிதமாக ஓடி, வேகத்தையும் தூரத்தையும் படிப்படியாகக் கூட்டுவதே முறை. பள்ளிக் குழுவில் விளையாடும் மாணவர்களுக்கு நீண்ட விடுமுறையும் ஓர் ஓய்வுப் பருவமே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். ஓய்வும் அத்தகையதே. விடுமுறையில் வாரம் இருமுறை காலணியைக் கட்டிக்கொண்டு திடலுக்குச் செல்லும் மாணவர், பள்ளி திறந்ததும் மூச்சிரைக்காமல் பந்தைத் துரத்த முடியும்.