காமிராவும் காண்டாக் கம்பும்

வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிய பிறகு அவருடைய படம் வேண்டுமென்று பெட்டியைத் துழாவியிருக்கிறீர்களா? துழாவியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். அடையாள அட்டையில் உள்ள சின்னஞ்சிறு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை சாத்திய வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. எங்கள் தோட்டத்துப் பூசாரித் தாத்தாவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். அதற்குக் காரணம் நான்.

2014-ஆம் ஆண்டு எங்கள் லயங்களை உடைத்துவிட்டுக் குடும்பங்களை அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. மாரியம்மன் கோயிலும் இடம் மாறவேண்டும். அந்த ஆண்டுத் தீமிதிதான் பழைய இடத்தில் கடைசி. "வாத்தியாரிடம் காமிரா இருக்கிறது, அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஊரே என்னை நம்பியது. என்னிடம் காமிரா மட்டுமா இருந்தது? மூன்று லென்ஸ், ஒரு பிளாஷ், டிரைப்பாட் என்கிற முக்காலி, இவற்றையெல்லாம் அடக்கிய பெரிய தோள்பை எல்லாம் இருந்தன. மொத்தம் ஐந்து கிலோவுக்குக் குறையாது. அத்தனையையும் சுமந்துகொண்டு வெயிலில் ஓடினேன்.

பூசாரித் தாத்தா தலையில் கரகத்துடன் பூக்குழியில் கால் வைத்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? லென்ஸின் மூடியை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு லென்ஸைக் கழற்றி இன்னொன்றைத் திருகிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் அக்கரைக்குப் போய்விட்டார்.

சரி, மற்றப் படங்களாவது இருக்கின்றனவே என்று வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். நெருப்புக்கும் வெயிலுக்கும் எதிராகப் பிடித்த படங்களெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்துக் கிடந்தன. கைவிளக்கை லென்ஸுக்குள் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்ளே சிலந்தி வலையைப்போல் காளான் படர்ந்திருந்தது. எட்டு மாதமாக அந்தப் பையை அலமாரியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தேன். அந்தப் பத்திரம்தான் என்னைக் கெடுத்தது. இரண்டு ஆண்டு கழித்துத் தாத்தா காலமானார். அவருடைய மகள் வந்து, "சார், அப்பா தீ மிதிச்ச படம் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டபோது என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

ஆகவே, வெளியில் படம் பிடிக்க என்ன வாங்குவது, எதைச் சுமப்பது என்று என்னை யாராவது கேட்டால், முதலில் காளானைப் பற்றித்தான் பேசுவேன். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு 70 முதல் 90 வரை இருக்கிறது. 60-ஐத் தாண்டிவிட்டாலே காளானுக்குக் கொண்டாட்டம். அதோடு இருட்டும், காற்றோட்டம் இல்லாத இடமும், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தோலுறையும் துணியும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காளான் கசியவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் நாலைந்து, உள்ளே வைக்க ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஒன்று போதும். மானியின் முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஈரம் குடித்துவிட்டால் மணிகளின் நிறம் மாறும். அப்போது புதிய பொட்டலம் போட்டுவிடுங்கள். நீல நிற மணிகளில் கோபால்ட் உப்பு சேர்ந்திருக்கும். அவற்றைச் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டவும் வைக்காதீர்கள். சிலர் அரிசியைப் போட்டு வைக்கச் சொல்வார்கள். அரிசி மாவுத்தூள் காமிராவுக்குள் போய் அடையும், அவ்வளவுதான் பயன். இவை எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒரு முறையாவது காமிராவை வெளியே எடுத்துப் படம் பிடிப்பது.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கையில் ஓரளவு நல்ல கைப்பேசி இருந்தால் காமிராவுக்கு அவசரமே இல்லை. அதன் சின்னக் கண்ணாடியை விரல் எண்ணெய் போகத் துடைத்துவிட்டு, பெரிதாக்கிப் பிடிக்காமல் ஆளுக்கு அருகில் போய்ப் பிடியுங்கள். பகல் வெளிச்சத்தில் அதுவே போதும். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. புதிய காமிரா ஒன்றை லென்ஸோடு வாங்கினால் அந்த ஒரு மாதச் சம்பளமும் போய் மேலும் கடன் நிற்கும். சீட்டுப் பணத்தை எடுத்துக் காமிரா வாங்குவதை நான் ஒப்பமாட்டேன்.

ஆனால் வெளிச்சம் குறைந்த இடங்களில் கைப்பேசி திணறும். விடியற்காலைப் பால்மரத் தோப்பு, செம்பனை மட்டைகளின் நிழல், கோயில் கருவறை, பத்துமலைக் குகையின் உட்புறம் ஆகியவை அத்தகைய இடங்கள். அங்கே காமிரா வேண்டியதுதான். பழைய காமிராவாக இருந்தாலும் குற்றமில்லை. வாங்கும்போது லென்ஸைக் கையில் எடுத்து, பின்பக்கமிருந்து கைவிளக்கை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நூல் நூலாகவோ புகை மூட்டமாகவோ ஏதேனும் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கார்டைப் போட்டு நாலு படம் பிடித்து, அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

லென்ஸ் ஒன்று போதும். காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் 18-55 மி.மீ. லென்ஸைக் கடைக்காரர் புகழ்வார். பகலில் அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நீட்டிப் பிடிக்கும்போது அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வரை திறப்பவை உண்டு. இரண்டையும் ஒப்பிட்டால் பின்னது ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். குகைக்குள் ஆடுகிற காவடியை அசைவின்றிப் பிடிக்க விநாடியில் 250-இல் ஒரு பங்காவது வேகம் வேண்டும். அந்த வேகத்தைக் கொடுப்பது இந்த வெளிச்சம்தான். எடையோ 160 முதல் 200 கிராம் வரைதான். தூரத்தை இழுக்கும் 70-200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஒன்றரைக் கிலோ வரைகூட வரும். கல்யாணப் படம் எடுக்கிறவர் அதைத் தூக்கட்டும். அவருக்குக் கூலி உண்டு. நமக்குக் கால்கள் இருக்கின்றன, இரண்டடி முன்னே போகலாம். லென்ஸை மாற்றவேண்டிய வேலையும் இல்லாமற் போகும். அதன் அருமை என்னைவிட யாருக்குத் தெரியும்!

சுமையைப் பற்றி ஒரு சோதனை சொல்கிறேன். பத்துமலையில் 272 படிகள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் கொண்டுபோக நினைக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் படிகளை ஏறியிறங்கிப் பாருங்கள். பாதியில் பையைத் தம்பியிடம் கொடுக்கத் தோன்றினால், அதில் வேண்டாத பொருள் இருக்கிறது என்று பொருள். முக்காலியைத் தைப்பூசக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து பிறர் காலில் இடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் வையுங்கள் அதை. பிளாஷும் சாமி ஆடுகிறவர் கண்ணில் அடிக்க வேண்டாம்.

எதற்கும் உதிரி வேண்டும் என்றால் பேட்டரிக்கு வேண்டும். ஒன்று காமிராவில், இன்னொன்று நிறையச் சார்ஜ் ஏற்றிச் சட்டைப்பையில். 64 ஜி.பி. கார்டு ஒன்றைக் காட்டிலும் 32 ஜி.பி. கார்டு இரண்டு நல்லது. ஒன்று கெட்டாலும் பாதித் திருவிழா மிஞ்சுமல்லவா? 

மழைக்குப் பெரிய ரொட்டிப் பிளாஸ்டிக் பை இரண்டும், ரப்பர் வளையம் நாலும் போதும். பையின் மூலையில் லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, லென்ஸின் விளிம்பில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கினால் காமிரா சட்டை போட்டுக்கொண்டுவிடும். மேற்குக் கரையில் உள்ளவர்கள் ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையை எதிர்பார்த்தே புறப்பட வேண்டும். இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்காதீர்கள். படம் போனால் போகட்டும்.

குளிரூட்டிய பஸ்ஸிலிருந்து இறங்கியதும் காமிராவை எடுத்தால் கண்ணாடியில் வியர்த்துவிடும். பஸ்ஸில் ஏறும்போதே பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள். இறங்கி அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் ஒன்றும் ஆகாது. முகம் துடைக்க நம் குட்மார்னிங் துண்டு இருக்கட்டும். ஆனால் வியர்வை ஊறிய அதே துண்டால் லென்ஸைத் தொடாதீர்கள். அதற்கென்று மென்மையான சிறு துணி ஒன்றைத் தனியாக வையுங்கள்.

இவற்றைப் போட்டுக்கொள்ள, பிள்ளைகள் போட்டுக் கழித்த பள்ளிக்கூடப் பை போதும். உள்ளே பழைய துண்டை மெத்தையாக விரித்துவிட்டால் காமிராப் பை என்று யாருக்கும் தெரியாது. காமிராக் கம்பெனியின் பெயரைப் பெரிதாகப் போட்ட பை, மோட்டார் சைக்கிளில் வந்து பறிக்கிறவனுக்கு அழைப்பு அனுப்பியது போல. வாரைக் குறுக்காக மாட்டி, பையைச் சாலைக்கு எதிர்ப்புறமாகத் தொங்கவிடுங்கள்.

படம் பிடிக்கும் முறையை இன்னொரு முறை எழுதுகிறேன். இப்போது ஒன்று மட்டும். நம்மவர் முகம் கறுப்பு, பின்னால் வெளுத்த வானம். காமிரா வானத்தைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். கூட்டல், கழித்தல் குறியுள்ள பொத்தானில் கூட்டல் 1 வையுங்கள். இல்லையேல் அவரை நிழலுக்கு அழைத்து வாருங்கள்.

சென்ற ஆண்டு பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஒருவரைப் படம் பிடிக்கப் போனேன். முப்பது ஆண்டுக்குமேல் பால்வெட்டியவர். அந்தத் தோட்டம் முழுதும் இப்போது செம்பனை. கங்காணி வீட்டுப் பின்புறம் தப்பி நின்ற நாலு பால்மரங்களுக்கு அருகே விடியற்காலையில் உளியுடன் வந்து நின்றார். நான் பள்ளிக்கூடப் பையைத் திறந்து காமிராவை எடுத்தேன். ஒரு கிலோகூட இராது.

பாட்டி பையை எட்டிப் பார்த்தார். "என்ன வாத்தியாரையா, இம்புட்டுத்தானா? பெரிய பெட்டியெல்லாம் கொண்டாருவாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"சுமக்க முடியவில்லை பாட்டி" என்றேன்.

சிரித்தார். "காண்டாக் கம்புல ரெண்டு பக்கமும் வாளி நெறையப் பாலைத் தூக்கிட்டு மேடு ஏறுவோம். வாளியில வேணாத தண்ணி ஒரு சொட்டு இருந்தாலும் தோளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மரத்தின் பக்கம் திரும்பி உளியை வைத்தார். நான் அழுத்தினேன்.

எட்டுக்குப் பத்து அளவில் அச்சிட்டு, பின்பக்கம் அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் பென்சிலால் எழ்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடையாள அட்டையை வைத்திருக்கும் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.