சூடு சுமக்கும் யந்திரம்

வைகாசி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று அவிசாவளைக்கு இப்பாலுள்ள மலைகளில் மோதத் தொடங்கிவிட்டால், எஹலியகொடயில் ஈரத்துணி காய்வதென்பது நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டிய ஒரு வைபவமாகிவிடும். வெயிலை நம்ப முடியாத அந்த மாதங்களில், எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காலுறைகளும், நமத்துப்போய் எத்தனை முறை உரசினாலும் பற்றாத தீப்பெட்டியும், பழைய பிரிட்ஜின் பின்புறத்துக் கறுப்புக் கம்பிவலையைத் தஞ்சமடையும். விறகு செலவில்லாமல், புகையில்லாமல், விடிவதற்குள் அவை காய்ந்தும் விடும். மீனையும் பாலையும் குளிர வைப்பதற்கென்று கடன்பட்டு வாங்கிய ஒரு பெட்டியின் முதுகு ஏன் இப்படிச் சுடவேண்டும் என்று எங்களில் ஒருவரும் வெகுகாலம் கேட்டதில்லை.

கேட்டிருந்தால், குளிர்தேசங்களில் இன்று இலட்சக்கணக்கான வீட்டுக்காரர்கள் பெருந்தொகை கொடுத்துச் சுவரில் பொருத்திக்கொள்ளும் வெப்பப் பம்பி என்னும் யந்திரத்தின் இரகசியம் எங்களுக்கு அன்றே விளங்கியிருக்கும். பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயிருக்கும் மீனிலும் பாலிலும் உள்ள சூட்டை எடுத்துச் சுமந்து வந்து முதுகு வழியாக நம் சமையலறையில் கொட்டுகிறது. அந்தப் பெட்டியின் வயிற்றை வீட்டுக்கு வெளியே பனியில் வைத்து, முதுகை மட்டும் வீட்டுக்குள் வைத்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: அது ஓயாமல் வெளியுலகத்தைக் குளிர்விக்க முயன்றுகொண்டிருக்கும், அந்த வீண் முயற்சியின் பயனாக வீட்டுக்காரர் சுகமாக உட்கார்ந்திருப்பார்.

பனிக்காற்றில் சூடு ஏது என்ற சந்தேகம் எழுவது இயல்பே. நம்முடைய உடம்புக்குக் குளிராகப் படுவதெல்லாம் சூடு அற்றதென்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பௌதிக சாஸ்திரமோ, சூடு முற்றும் அற்றுப்போகும் இடம் பூஜ்யத்துக்குக் கீழே 273 பாகை செல்சியஸில் இருக்கிறதென்று சொல்கிறது. அந்தக் கணக்கில், நீர் உறையும் குளிரிலுள்ள காற்றுகூட 273 பாகை உயரத்தில் நிற்கும் ஒரு செல்வந்தன்தான். செல்வம் இருக்கிறது, அது தானாக மேட்டுக்கு ஏறி வராது என்பதே தடை.

மேட்டுக்கு ஏற்றுவது எப்படி என்பதை இரத்தினபுரி மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. மாணிக்கக்கல் கிடக்கும் சரளைப் படுகையாகிய இல்லமவைத் தேடி வயலுக்கு நடுவே குழி இறக்குகிறவர்களுக்குக் கல்லைவிட முன்னதாகக் கிடைப்பது தண்ணீர். அதை வெளியேற்ற இரவும் பகலும் பம்பி ஓடியாக வேண்டும். அந்தப் பம்பி தண்ணீரை உண்டாக்குவதில்லை. பள்ளத்தில் இருப்பதை மேட்டில் சேர்க்கிறது, அவ்வளவுதான். குழி ஆழமாக ஆழமாக அதே அளவு தண்ணீருக்கு எண்ணெய்ச் செலவு கூடிக்கொண்டே போகும் என்பது குழிக்காரனுக்குத் தெரியும். வெப்பப் பம்பியின் சுபாவமும் அணுவளவும் பிசகாமல் இதுவேதான். வெளியே உள்ள குளிருக்கும் உள்ளே நாம் வேண்டும் சூட்டுக்கும் இடையிலுள்ள தூரமே அதன் குழியின் ஆழம்.

அது கையாளும் உபாயம் எளியது. பூஜ்யத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்துவிடும் ஒரு திரவத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அது ஏதோ அதிசய வஸ்து அல்ல. நம் சமையல் சிலிண்டரில் அடைபட்டிருக்கும் வாயுக்களில் ஒன்றாகிய புரொப்பேன்தான், இக்காலத்துப் புதிய யந்திரங்கள் பலவற்றில் ஓடுகிறது. வெளியே பொருத்திய குழாய்ச்சுருளில் அது ஓடும்போது, உறைபனிக் காற்றுகூட அதற்கு அடுப்பாகிவிடுகிறது. கொதித்து ஆவியாகி, ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை அந்தக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியை மின்சாரத்தால் ஓடும் அமுக்கி நெருக்கிப் பிழிகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்கள், நெருக்குண்ட வாயு ஏன் கொதிப்பேறுகிறது என்று ஊகித்துக்கொள்வார்கள். சூடேறிய ஆவி வீட்டுக்குள் வந்து, தான் சுமந்து வந்ததைக் காற்றிலோ நீரிலோ இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் திரவமாகி, ஒரு நுண்ணிய வாயில் வழியே அழுத்தம் தளர்ந்து, குளிர்ந்து, மீண்டும் வெளியே புறப்படுகிறது. இடைவிடாத கூலிநடை.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். வெளியே பூஜ்யமும் உள்ளே கொடுக்கும் சூடு 35 பாகையும் ஆனால், சாஸ்திரம் அனுமதிக்கும் உச்சவரம்பு, ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பங்கு வெப்பம். நடைமுறை யந்திரங்கள் அதில் பாதிக்கும் குறைவாக, மூன்று நான்கு பங்கு தருகின்றன. கம்பியைச் செந்தணலாக்கும் சாதாரண மின்னடுப்பு ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். வேண்டும் சூடு 55 பாகையாக உயர்ந்தால் உச்சவரம்பே ஆறுக்கு இறங்கிவிடுகிறது. வீட்டுக்காரர்களுடைய மகிழ்ச்சிக்கும் முறைப்பாட்டுக்கும் மூலகாரணம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது.

இந்த எண்ணத்துக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர்பெற்ற வில்லியம் தோம்சன், கட்டடங்களைக் காற்றோட்டத்தால் சூடாக்குவதும் குளிர்விப்பதும் பற்றி 1852இல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரை சமர்ப்பித்தபோதே, நிலக்கரியை நேரே எரிப்பதைவிட அந்தச் சக்தியால் வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுப்பது சிக்கனமென்று காட்டிவிட்டார். நான்கைந்து வருஷங்களில் ஒஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் என்பவர் ஏபன்சே என்ற ஊரின் உப்பளத்தில், உவர்நீரை வற்றவைக்க இதே தத்துவத்தைப் பரீட்சை செய்தார். ஆனால் வீட்டுக்காரர்களின் சரித்திரத்தில் முதலிடம் கொடுக்கத் தக்கவர் ஹால்டேன் என்ற ஸ்கொட்லாந்து எஞ்சினியர். 1920களின் பிற்பகுதியில், ஊராருக்கு உபதேசிக்கும் முன் தம் சொந்த வீட்டிலேயே வெப்பப் பம்பியை வைத்து அளந்து பார்த்து, 1930இல் அந்த அனுபவத்தை அறிஞர் சபையில் படித்தார். யந்திரத்தை விற்கிறவன் அதனுடன் குடித்தனம் நடத்திப் பார்த்திருக்க வேண்டுமென்ற அந்த மரியாதை இன்று அருகிவிட்டது. 1938இல் சூரிச் நகர மன்றக் கட்டடம், பக்கத்தில் ஓடும் லிம்மாற் நதியின் நீரிலிருந்தே சூடெடுக்கத் தொடங்கியது.

இத்தனை இருந்தும் அது பரவாமல் கிடந்ததற்குக் காரணம், எண்ணெயும் கரியும் மலிவாக இருந்ததுதான். மலிவு போனால் என்ன நடக்கும் என்பதற்கு நோர்வேயை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் மின்சாரம், நம்முடைய லக்ஷபானவையும் காசல்ரீயையும் போல, மழைநீரையே பெரிதும் நம்பியது. 2002ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் மழை பொய்த்ததால் நீர்த்தேக்கங்கள் இறங்கி, அந்தக் குளிர்காலத்தில் மின்கட்டணம் தாறுமாறாக ஏறிவிட்டது. மழை பொய்த்தால் நாம் இருட்டில் உட்காருவோம். அவர்களோ பில்லைப் பார்த்துத் திகைத்து, மறுவருஷமே அரசாங்க உதவித்தொகையுடன் வெப்பப் பம்பியை வாங்கத் தொடங்கினார்கள். 2020 ஜனவரி முதல் கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதே அங்கே தடையாயிற்று. ஐம்பத்தைந்து இலட்சம் பேரே வாழும் அந்நாட்டில் இப்பொழுது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வெப்பப் பம்பிகள் ஓடுகின்றன.

அவற்றுள் ஒன்று என் தங்கை மகனுடையது. அவன் குடியிருப்பது பேர்கன். வருஷத்தில் இருநூறு நாட்களுக்கும் மேல் மழை பெய்யும் ஊர். இரத்தினபுரியிலிருந்து போனவனுக்கு ஆண்டவன் வேறு எந்த ஊரைக் கொடுப்பான் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. பொருத்துவதற்கு ஒரு பகல்தான் சென்றதாம்: சுவரில் ஒரு துளை, அதில் இரண்டு செப்புக் குழாய், வெளியே விசிறியுடன் ஒரு பெட்டி, உள்ளே வரவேற்பறைச் சுவரில் ஒரு நீண்ட பெட்டி. குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெறுமையாக்கிய பிறகே வாயுவைத் திறந்துவிட வேண்டும். வந்த தொழிலாளி அந்த வேலைக்கு மட்டும் அவசரப்படாமல் காத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் தனக்கு நம்பிக்கை பிறந்தது என்று அவன் சொன்னான். அவசரக்காரன் பொருத்திய யந்திரம், ஈரம் தங்கிய குழாயால் உள்ளுக்குள் அரித்துச் சில வருஷங்களில் கெட்டுவிடக்கூடும்.

முதல் குளிர்காலம் சோதனையாக இருந்தது. ஒரு நாள் விடியற்காலையில், அவனுடன் வசிக்கும் மாமியார், வெளிப்பெட்டியிலிருந்து வெண்புகை திரண்டு எழுவதைக் கண்டு, "தம்பி, மெசின் எரியுது!" என்று வீட்டையே எழுப்பிவிட்டார். எரியவில்லை, பனியைக் கரைத்துக்கொண்டிருந்தது. சூட்டை இழந்த குழாய்ச்சுருள் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைந்து, போர்வைபோல் மூடிக்கொள்ளும். யந்திரம் தன் ஓட்டத்தைத் தலைகீழாக்கி, சில நிமிஷங்களுக்கு வீட்டுச் சூட்டையே கடன் வாங்கி வெளியே அனுப்பி அதைக் கரைக்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. எலும்பைத் துளைக்கும் வறண்ட குளிரைவிட, பூஜ்யத்தை ஒட்டிய ஈரக்குளிரில்தான் உறைபனி அதிகம் படியும். ஏனெனில் கடுங்குளிர்க் காற்றில் உறைவதற்கு ஈரமே மிஞ்சியிராது. ஆகவே பேர்கன் போன்ற மழையூர், யந்திரத்துக்குக் குழி ஆழமில்லாத ஊராக இருந்தும், பனி துடைக்கும் வேலையை ஓயாமல் வைக்கிறது. கரைந்த நீர் வாசற்படியில் சொட்டி இரவில் கண்ணாடிபோல் உறைந்து, பால் எடுக்கப் போன அவனை ஒரு நாள் மல்லாக்கத் தள்ளியது. பெட்டியை எங்கே வைப்பது என்பதில் அழகைப் பார்த்தானேயொழிய, தண்ணீர் எங்கே போகும் என்று பார்க்கவில்லை. மழையூரில் பிறந்தவன்!

மற்ற அனுபவங்கள் சிறியவை. ஆனாலும் சிரிப்புக்கு உரியவை. வரவேற்பறையை ஒட்டிய திறந்த சமையலறையில் மீன் பொரிக்கும் எண்ணெய்ப்புகை முழுவதும் உட்பெட்டியின் வடிதட்டில் படிந்து, மூன்றே மாதத்தில் காற்று வருவது பாதியாகிவிட்டது. தட்டைக் கழற்றிக் கழுவியதும் பழையபடி வந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்தினால் சூடு அங்கே போகாது. மின்கட்டணம் குறைந்தது, ஆனால் விற்பனைக்காரர் சொன்ன அளவுக்கு அல்ல. முன்பு கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓர் அறையில் ஒடுங்கியிருந்த குடும்பம் இப்பொழுது வீடு முழுவதும் மெல்லிய சட்டையோடு நடமாடுகிறது. மிச்சப் பணத்தில் ஒரு பகுதியைச் சுகமாகவே அனுபவித்துவிடுகிறார்கள். அதை யந்திரத்தின் தோல்வியென்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவன் சொன்னவற்றுள் மிகவும் பொருளுடையது வேறொன்று. "மாமா, அத அடுப்பு மாதிரி நெனச்சா போச்சு. பத்தவச்சு அணைக்கிற வேலையே கூடாது. அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுறணும்."

லயத்துக் காம்பராவில் விறகடுப்பைச் சுற்றி வளர்ந்த நமக்கு, சூடு என்றால் சுள்ளென்று வரவேண்டும். கையை நீட்டினால் சுடவேண்டும். லண்டனில் ஹரோவிலும் டூட்டிங்கிலும் வாழும் நம்மவருக்கும், எரிவாயுக் கொதிகலன் இதே சுபாவத்தைத்தான் பழக்கியிருக்கிறது: வேலைவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால், 70 பாகை நீர் பாய்ந்து சுவரோரத்து இரும்புப் பலகை தொட முடியாமல் கொதிக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஒக்டோபர் முதல் 7,500 பவுண் வரை அரசாங்கம் கொடுத்து, கொதிகலனுக்குப் பதிலாக வெப்பப் பம்பியை வைக்கச் சொல்கிறது. வைத்தவர், பலகையைத் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாகவே இருக்கக் கண்டு, ஏமாந்துவிட்டோமோ என்று கலங்குகிறார். ஏமாறவில்லை. நாற்பது பாகை நீரை நாள் முழுவதும் அகன்ற பலகைகளில் ஓடவிட்டால் வீடு சூடாகத்தான் இருக்கும்; அவசரத்துக்கு 60, 70 என்று ஏற்றினால், குழி ஆழமாகி, மின்கட்டணம் பழிவாங்கும். ஆகவே ஒழுங்கான பொருத்துநர் முதலில் யந்திரத்தைப் பற்றிப் பேசமாட்டார். கூரையின் காப்பையும், ஜன்னல் இடுக்குகளையும், பலகைகளின் அளவையும் கணக்கெடுப்பார். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய பம்பி பரிகாரமல்ல என்பது அவருக்குத் தெரியும். மிகப் பெரிய யந்திரத்தை வைப்பவரும் கஷ்டப்படுவார். அது நொடிக்கொரு தரம் ஓடி ஓடி நின்று தன்னையே தேய்த்துக்கொள்ளும்.

நம் பக்கத்துக்கு இது எதற்கு? எஹலியகொடயில் வீட்டைச் சூடாக்குவதற்கு யாரும் பணம் கொடுக்கப்போவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டிலும், மூட்டுவலிக்கார முதியவர் உள்ள வீட்டிலும் தவிர வெந்நீருக்கே கேள்வி குறைவு. ஆயினும் 27 பாகைக் காற்றிலிருந்து 55 பாகை வெந்நீருக்கு ஏற வேண்டிய உயரம் பேர்கனைவிட மிகக் குறைவென்பதால், யந்திரத்துக்கு நம் ஊரே சொர்க்கம். குளிரூட்டி ஓடும் பெரிய விடுதியில், அறைகளிலிருந்து அகற்றும் சூட்டையே குளியல் நீரில் இறக்கிவிட்டால், ஒரே யந்திரத்தின் வயிறும் முதுகும் இரண்டும் சம்பாதிக்கும். தேயிலை ஸ்டோரில் கொழுந்தை உலர்த்தும் அனற்காற்று நூறு பாகையை எட்ட வேண்டியிருப்பதால் அங்கே விறகின் அரசாட்சியை இந்த வீட்டு யந்திரம் அசைக்காது. இறப்பர்ப் புகைக்கூடத்து ஐம்பது அறுபது பாகை அதற்கு எட்டக்கூடியதே; ஆனால் அங்கே புகையும் ஒரு வேலை செய்கிறது, ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கிறது, அதை எந்தக் குழாய்ச்சுருளும் கொடுக்காது.

சென்ற வருஷம் எங்கள் பழைய பிரிட்ஜ் ஓய்ந்து, புதியதொன்று வந்தது. அதன் முதுகு தட்டையாக, வழவழப்பாக இருந்தது, கம்பிவலையைக் காணோம். இரண்டாம் நாள் பக்கச்சுவரைத் தொட்ட என் மனைவி, சூடாயிருக்கிறதே, பழுதுபட்ட பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று பயந்து கடைக்குப் போன் பண்ணச் சொன்னாள். இக்காலத்துப் பெட்டிகளில் அந்தக் குழாய்களைப் பக்கச்சுவருக்குள்ளேயே மறைத்துவிடுகிறார்கள் என்று நான் விளக்கினேன். அவள் சற்று யோசித்துவிட்டு, மழைக்கு நனைந்து வந்த காலுறை ஜோடியை எடுத்து, காந்தத்தால் அந்தச் சுவரில் ஒட்டிவைத்தாள்.